ஒப்பந்தம் முடிந்தும் காலியாகாத வீடு: செம்பூரில் ஒரு லீவ் அண்ட் லைசென்ஸ் வழக்கு

பின்னணி

வீட்டின் உரிமையாளர் முப்பது வருஷத்துக்கு மேல் மும்பையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். செம்பூரில் லிஃப்ட் இல்லாத பழைய சொசைட்டி ஒன்றில் அவருக்கு ஒரு ஒன் பிஹெச்கே. ரிட்டயர் ஆனதும் மனைவியோடு கும்பகோணம் போய்விட்டார், பென்ஷனுக்கு மேல் இந்த வீட்டு வாடகைதான் வருமானம். நான் அதே சொசைட்டியின் கமிட்டியில் இருக்கிறேன். அவர் ஊரில் இல்லாததால் அந்த வீட்டைப் பற்றிய எதுவும் முதலில் என்னிடம் வரும், இந்த வழக்கின் காகிதங்களும் அப்படித்தான் வந்தன. யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். மும்பையில் வீடு வைத்துக்கொண்டு ஊரில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இது உதவலாம்.

குடிவந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு சப்ளை செய்பவர், மனைவி, ஒரு மகள், ஒரு சின்னப் பையன். செட்டா நகர் முருகன் கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி வந்தவர். நம்ம ஊர்க்காரர், குடும்பஸ்தர், சொந்தத் தொழில். உரிமையாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். "நோட்டரி போதும் சார், எதுக்கு வெட்டியா ரிஜிஸ்ட்ரேஷன்" என்று புரோக்கர் சொன்னதை ஏற்காமல், அக்ரிமென்டைப் பதிவு செய்தே தீருவேன் என்றார். பின்னால் நடந்தது முழுக்க அந்தப் பிடிவாதத்தின் மேல்தான் நின்றது.

2021 ஜூன் 1 முதல் 2023 மார்ச் 31 வரை, 22 மாத லீவ் அண்ட் லைசென்ஸ், அதாவது வாடகை உரிமை தராமல், குறிப்பிட்ட காலம் வீட்டில் இருக்க அனுமதி மட்டும் தரும் ஒப்பந்தம். முதல் 11 மாதம் 30,000 ரூபாய், அடுத்த 11 மாதம் 32,000. டெபாசிட் ஒரு லட்சம். மகாராஷ்டிராவில் இந்த வகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை 0.25 சதவீதம். மொத்தக் கட்டணத்தோடு, டெபாசிட் தொகைக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் வட்டி என்று ஒரு கணக்கையும் சேர்த்து அதன்மேல் போடுவார்கள். இந்த வீட்டுக்கு அது சுமார் 1,750 ரூபாய், பதிவுக் கட்டணம் 1,000, மற்றபடி சில்லறை. இதை மிச்சம் பிடிக்கத்தான் புரோக்கர் நோட்டரி யோசனை சொன்னார்.

சட்டம் இங்கே கொஞ்சம் விசித்திரமானது, தெரிந்துகொள்வது நல்லது. மும்பையில் பழைய வாடகைச் சட்டத்தில் உட்கார்ந்தவரைக் கிளப்புவது தலைமுறை வேலை, பகடி வீடுகளை (முன்பணம் கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் தலைமுறையாக இருக்கும் வீடுகளை) பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் வாடகை என்று எழுதாமல் லைசென்ஸ் என்று எழுதும் பழக்கம் வந்தது. அதுவும் 1973-இல் ஒரு அடி வாங்கியது: அந்த வருஷம் பிப்ரவரி 1 அன்று நடப்பிலிருந்த லைசென்ஸில் வீட்டில் இருந்தவர்களையெல்லாம் சட்டத் திருத்தம் வாடகைதாரர்கள் ஆக்கிவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 1999-ஆம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 24-ஆம் பிரிவு, குடியிருக்க லைசென்ஸில் கொடுத்த வீட்டை, காலம் முடிந்ததும் திரும்பப் பெற ஒரு குறுக்குவழி தருகிறது. கோர்ட்டுக்குப் போக வேண்டாம், காம்பிடென்ட் அதாரிட்டி என்ற தனி அதிகாரியிடம் மனு கொடுத்தால் போதும். காலம் முடிந்தும் காலி செய்யாதவர், வெளியேறும் வரை ஒப்பந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். எழுத்தில் உள்ள ஒப்பந்தம், அதில் உள்ள விஷயங்களுக்கு முடிவான சாட்சி. இன்னொரு பக்கம், 55-ஆம் பிரிவு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பை வீட்டுக்காரர் தலையில் வைக்கிறது. பதிவு செய்யாவிட்டால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதைத்தான், வேறு விதமாக நிரூபணமாகும் வரை, எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பணம் தடுமாறிய மாதங்கள்

2022 கடைசியில் பணம் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. ஐந்தாம் தேதி வருவது இருபதாம் தேதி, அப்புறம் இரண்டு தவணையாக. பெரிய ஆபீஸ் ஒன்று சாப்பாட்டு ஆர்டரை நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்டோம். அது உண்மைதான், அவருடைய வண்டி வாரக்கணக்கில் கீழே நின்றிருந்தது. 2023 ஜனவரியில் பணம் அடியோடு நின்றது.

உரிமையாளர் போன் செய்தால் முதலில் எடுத்தார். "சார், தை முடியட்டும் சார், ஒரு கல்யாண ஆர்டர் இருக்கு" என்றார். பிப்ரவரியில் போனை மனைவிதான் எடுத்தார். அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. இங்கே சொசைட்டியில் அவர்களைப் பற்றி வேறு புகார் எதுவும் கிடையாது, மெயின்டனன்ஸ் உரிமையாளர் கணக்கிலிருந்து வந்துவிடும், குழந்தைகள் அமைதியானவர்கள். இதைச் சொல்லக் காரணம், இப்படிப்பட்ட கதைகளில் குடியிருப்பவரை வில்லனாக்கிவிடுவது சுலபம். இவர் அப்படி இல்லை. தொழில் படுத்துவிட்ட ஒரு ஆள், தலைக்கு மேல் இருக்கும் கூரையை மட்டும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அதற்காக எழுபதை நெருங்கும் ஒருவரின் வருமானம் நிற்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயமும் இல்லை.

இரண்டு வழி

பிப்ரவரி முதல் வாரம் உரிமையாளர் மும்பை வந்தார், இருவருமாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். உரிமையாளரின் கோரிக்கை எளிது: பணம் கட்டவில்லை, ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்து ஆளை வெளியேற்ற வேண்டும்.

வக்கீல் இரண்டு வழிகளை விளக்கினார். உடனே ரத்து செய்வதென்றால், அதாவது காலம் முடிவதற்கு முன்பே, அது ஸ்மால் காஸஸ் கோர்ட் வழக்கு. மும்பையில் லைசென்ஸ் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே வீட்டையும் பணத்தையும் பற்றிய வழக்குகள் பொதுவாக அங்கேதான் போக வேண்டும். பாக்கி எவ்வளவு, நோட்டீஸ் சரியா, ரத்து செல்லுமா என்று ஒவ்வொன்றையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும், அது வருஷக்கணக்கு. இரண்டாவது வழி, ஒன்றும் செய்யாமல் மார்ச் 31 வரை காத்திருப்பது. அதன் பிறகு 24-ஆம் பிரிவில் மனு. அங்கே அதிகாரி பார்க்கப்போவது ஒரே கேள்வியைத்தான்: ஒப்பந்த காலம் முடிந்துவிட்டதா, இல்லையா?

உரிமையாளருக்கு இது பிடிக்கவே இல்லை. பணம் தராதவனை இன்னும் இரண்டு மாதம் சும்மா உட்கார வைப்பதா என்று கோபப்பட்டார். கும்பகோணத்திலிருந்து மைத்துனர் வேறு போனில், தமிழ்நாட்டில் 2017-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, பாக்கி வைத்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். அது தமிழ்நாட்டோடு சரி. மும்பை வீட்டுக்கு மகாராஷ்டிரச் சட்டம்தான்.

முடிவில் காத்திருப்பது என்று தீர்மானமானது. காரணம் தெளிவானது: பாக்கியைக் காரணமாக வைத்தால் அவர் அதற்குப் பதில் சொல்லலாம், ரொக்கமாகக் கொடுத்தேன் என்று சொல்லலாம், ரிப்பேருக்குச் செலவழித்தேன் என்று சொல்லலாம். தேதிக்குப் பதில் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் எடுத்த முடிவுகளிலேயே கடினமானதும் சரியானதும் இதுதான்.

மார்ச் முதல் தேதி பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, ஒரு கடிதம் போனது. ஒப்பந்தம் 31-ஆம் தேதி முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, அன்று மாலைக்குள் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று சுருக்கமாக. பாக்கியைப் பற்றி ஒரே ஒரு வரி. அதே கடிதம் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும்.

புது அக்ரிமென்ட் என்ற வலை

கடிதம் கிடைத்ததும் குடியிருப்பவரே என் வீட்டுக்கு வந்தார். மகள் ஜூனில் பத்தாவது போகிறாள், பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, இந்த நேரத்தில் எங்கே போவது என்று கேட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் உரிமையாளரிடம் சொன்னேன். அவரும் இறங்கிவந்தார்: மூன்று மாதப் பாக்கி 96,000 ரூபாயைக் கட்டட்டும், 2024 மே கடைசி வரை புதிதாக ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்து தருகிறேன்.

குடியிருப்பவர் புது அக்ரிமென்டுக்கு உடனே சரி என்றார். பாக்கியை மட்டும் "அப்புறம் பார்க்கலாம் சார்" என்றார்.

பல வீட்டுக்காரர்கள் சறுக்கும் இடம் இது. இரக்கத்திலோ, பேச்சு முடிந்தால் போதும் என்ற சலிப்பிலோ புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், காலம் முடியும் தேதி ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப் போய்விடும், அதுவரை 24-ஆம் பிரிவின் கதவு மூடியே இருக்கும், கையில் ஒரு ரூபாயும் வந்திருக்காது. வக்கீல் இதைச் சொன்னதும் உரிமையாளர் கறாராகிவிட்டார். பணம் முதலில், கையெழுத்து பிறகு. பணம் வரவில்லை.

பூட்டும் தண்ணீரும்

மார்ச் 31 வந்து போனது. வீடு காலியாகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் உரிமையாளரின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து கமிட்டியில் பேசினார்கள். ஒருவர் தண்ணீர் வால்வை மூடச் சொன்னார். இன்னொருவர், குடும்பம் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் பூட்டை மாற்றி, சாமானை இறக்கிக் கீழே வைத்துவிடலாம், ஒப்பந்தம்தான் முடிந்துவிட்டதே என்றார்.

கமிட்டி இரண்டுக்கும் மறுத்துவிட்டது. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம், சட்டம் அப்படி. வாடகைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்துவதைத் தடுக்கிறது. லைசென்ஸிக்கு, அதாவது லைசென்ஸில் குடியிருப்பவருக்கு, அது பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்கலாம்தான், ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு சொசைட்டி ஏன் போக வேண்டும்? பூட்டை மாற்றினால் இன்னும் மோசம். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என்ற நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உரிமை யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், வீட்டுக்குள் திரும்ப வர முடியும். 1989-இல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்: ஒரு இடத்தை நிலையாகத் தன் வசத்தில் வைத்திருப்பவருக்கு அங்கே இருக்க உரிமை இல்லாவிட்டாலும் சட்ட வழியில்தான் வெளியேற்ற வேண்டும், அந்த வழக்கும் லைசென்ஸ் பற்றியதுதான். தேதி ஒன்றை வைத்து ஜெயிக்க வேண்டிய வழக்கை, பூட்டை உடைத்தது யார் என்ற வழக்காக நாமே மாற்றிக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

ஏப்ரல் மூன்றாம் தேதி வந்த 32,000

இதற்கு நடுவில் ஒரு நுணுக்கமான விஷயம் நடந்தது. மூன்று மாதம் ஒரு பைசா தராதவர், ஏப்ரல் 3 அன்று உரிமையாளர் கணக்குக்கு 32,000 ரூபாய் அனுப்பினார். குறிப்பில் "ஏப்ரல் வாடகை" என்று இருந்தது. யாரோ அவருக்கும் யோசனை சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதே தோன்றியது. காலம் முடிந்த பிறகு வாங்கிய பணம், ஒப்பந்தம் நீண்டுவிட்டது என்று வாதிடப் பயன்படும்.

திருப்பி அனுப்பிவிடலாமா என்று உரிமையாளர் கேட்டார். வக்கீல் வேண்டாம் என்றார், ஏற்கனவே 96,000 பாக்கி இருக்கும்போது வந்த பணத்தைத் திருப்புவானேன். அன்றே ஒரு மெயிலும் ஒரு பதிவுத் தபாலும் போனது: உங்கள் 32,000 ரூபாய் கிடைத்தது, இதை ஜனவரி பாக்கியில் வரவு வைத்திருக்கிறேன், எங்கள் உரிமைகளுக்குப் பாதகம் இல்லாமல் பெற்றுக்கொள்கிறேன், இது எந்தப் புதுப்பித்தலும் அல்ல. இந்த நாலு வரிக் கடிதம் பின்னால் விசாரணையில் எவ்வளவு வேலை செய்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாந்த்ரா

ஏப்ரல் நடுவில் பாந்த்ரா கிழக்கில், கொங்கண் பிரிவின் காம்பிடென்ட் அதாரிட்டி அலுவலகத்தில் மனு தாக்கலானது. கூட வைத்தவை: பதிவு செய்த ஒப்பந்தமும் அதன் இன்டெக்ஸ் டூ (பதிவு அலுவலகம் தரும் பதிவுச் சுருக்கம்) நகலும், சொசைட்டி ஷேர் சர்டிஃபிகேட், சமீபத்திய மெயின்டனன்ஸ் பில், மார்ச் மாதக் கடிதம், தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும், ஏப்ரல் 3 கடிதம்.

மனுவின் முதல் வரைவில் உரிமையாளர் சொல்லச் சொல்லி எழுதிய இரண்டு பக்கம் இருந்தது. பாக்கி, போனை எடுக்காதது, நன்றி கெட்டது, கோயிலில் சிபாரிசு செய்தவர் முகத்தில் கரி பூசியது. வக்கீல் அத்தனையும் அடித்துவிட்டு, ஒப்பந்தம், முடிந்த தேதி, இன்னும் காலி செய்யவில்லை, இரட்டிப்பு நஷ்டஈடு என்று சுருக்கினார். உரிமையாளருக்கு மனசு ஆறவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

யார் வருவது என்ற கேள்வியும் இருந்தது. டோம்பிவிலியில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் பவர் கொடுத்துவிட்டு ஊர் போய்விடலாம் என்பது உரிமையாளரின் திட்டம். பவர் வைத்திருப்பவர் மனு போடலாம், தேதிகளுக்கு ஆஜராகலாம். ஆனால் உரிமையாளருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயங்களுக்கு அவருக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது, 2004-இல் ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அதனால் மனுவிலும் பிரமாணப் பத்திரத்திலும் உரிமையாளரே கையெழுத்திட்டார், தேதிக்குத் தேதி வந்து நிற்கும் வேலை மட்டும் அண்ணன் மகனுக்கு.

சம்மன்

குறுக்குவழி என்று சொன்னேன், ஆனால் அந்தக் குறுக்குவழியிலும் ஒரு மேடு இருக்கிறது, அது சம்மன். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்தரப்பு, வழக்காட அனுமதி கேட்டுப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். போடாவிட்டால் மனுவில் உள்ளதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு வெளியேற்ற உத்தரவு கொடுத்துவிடலாம். ஆகவே சம்மன் கைக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் காலத்தை இழுக்க நினைப்பவருக்கு முதல் ஆயுதம்.

முதல் சம்மன் கதவு பூட்டியிருக்கிறது என்ற குறிப்போடு திரும்பியது. காலையில் நாலு மணிக்கே சமையல் இடத்துக்குப் போய்விடுவார், அது வேறு இடத்தில் இருக்கிறது, அந்த முகவரி ஒப்பந்தத்தில் இல்லை. இரண்டாவது முறை மனைவி வாங்க மறுத்தார், தபால்காரர் அப்படியே எழுதிவிட்டார். மறுப்பு என்று எழுதித் திரும்பினாலும் அதைச் சேர்ப்பித்ததாக அதிகாரி அறிவிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும் பின்னால் யாரும் குறை சொல்லக்கூடாது என்று, கதவில் ஒட்டவும் வக்கீல் அனுமதி வாங்கினார். ஒட்டியபோது வாட்ச்மேனும் கமிட்டி உறுப்பினர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இதற்குள் ஜூலை வந்துவிட்டது.

அவர் சொன்ன காரணங்கள்

ஆகஸ்டில் அவருடைய வக்கீல் அனுமதி கேட்டுப் பிரமாணப் பத்திரம் போட்டார். நாலு காரணம். மூன்று வருஷத்துக்கு இருக்கலாம் என்று உரிமையாளர் வாயால் சொன்னார். சமையலறையைச் சரிசெய்ய இரண்டு லட்சம் செலவழித்தேன். ஏப்ரலில் வாடகை வாங்கிக்கொண்டதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. மகளுக்குப் பத்தாவது பரீட்சை.

முதல் காரணம் பதிவு செய்த ஒப்பந்தத்தின் முன் நிற்கவில்லை. ஒப்பந்தம் எழுத்திலும் பதிவிலும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது வாய்வார்த்தை நீட்டிப்புக்கு இடமில்லை. இரண்டாவதுக்கு பில் எதுவும் இல்லை, இருந்தாலும் அது பணம் கேட்கும் தனி விவகாரம், வீட்டில் இருக்கும் உரிமையைத் தராது. மூன்றாவதுக்குத்தான் அவர்கள் வக்கீல் அதிகம் வாதாடினார். அப்போது அந்த ஏப்ரல் 3 கடிதத்தை எடுத்து வைத்ததும் பேச்சு நின்றது. நாலாவது காரணத்தை அதிகாரி பரிவோடுதான் கேட்டார், ஆனால் சட்டம் கேட்கும் கேள்விக்கு அது பதில் இல்லை.

எங்கள் பக்கம் பாக்கியைப் பற்றிப் பேசவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேசியிருந்தால் எவ்வளவு, எப்போது, ரொக்கமா என்று அதற்குள் ஒரு கிளை முளைத்திருக்கும், அனுமதி கொடுத்து விசாரிக்க ஒரு காரணமும் கிடைத்திருக்கும்.

நவம்பரில் உத்தரவு வந்தது. அனுமதி மறுப்பு, வீட்டை ஒப்படைக்க வேண்டும், 2023 ஏப்ரல் 1 முதல் ஒப்படைக்கும் நாள் வரை மாதம் 64,000 ரூபாய் வீதம் நஷ்டஈடு.

உத்தரவுக்குப் பிறகு சமரசம்

இந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது, ஆனால் அதே வாடகைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவில் மாநில அரசிடம் ரிவிஷன், அதாவது உத்தரவை மறுபடி பரிசீலிக்கும்படி, கேட்கலாம், அதற்கு 90 நாள் அவகாசம். கொங்கண் பிரிவில் அதைக் கூடுதல் கமிஷனர் கேட்கிறார். டிசம்பரில் குடியிருப்பவர் ரிவிஷனும் ஸ்டே மனுவும் போட்டார்.

உரிமையாளரின் வீட்டில் இரண்டு அபிப்பிராயம். பையன், அமெரிக்காவில் இருப்பவர், கடைசி வரை சண்டை போட்டு முழுத் தொகையையும் வாங்க வேண்டும் என்றார். உரிமையாளரின் மனைவி, அந்தப் பொண்ணு பரீட்சையை முடிக்கட்டும் என்றார். வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டினார்: ரிவிஷனில் ஜெயிக்கலாம், அப்புறம் ஹைகோர்ட்டில் ரிட் வரும், அதிலும் ஜெயிக்கலாம், ஆனால் தொழில் படுத்துக் கிடப்பவரிடமிருந்து எட்டு லட்சத்தை யார் வசூலிப்பது?

2024 ஜனவரியில் சம்மத நிபந்தனைகள் எழுதித் தாக்கலாயின. அவர் ரிவிஷனை வாபஸ் வாங்குகிறார். ஜனவரி முதல் மாதம் 32,000 கட்டுகிறார். ஏப்ரல் 30-க்குள் காலி செய்கிறார். அப்படிச் செய்தால் இரட்டிப்பில் ஒரு மடங்கை உரிமையாளர் விட்டுக்கொடுக்கிறார், டெபாசிட் பாக்கிக்கு வரவாகிறது, மிச்சத்துக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தேதியிட்ட மூன்று காசோலைகள். செய்யாவிட்டால் முழு இரட்டிப்பும் திரும்ப உயிர்பெறும்.

இதில் எதிர்தரப்பு கேட்டு நாங்கள் கொடுக்காதது ஒன்று உண்டு. வெளியேற்ற உத்தரவை ரத்து செய்துவிட்டு, புதிதாக நாலு மாத ஒப்பந்தம் போடலாம் என்றார்கள். உத்தரவு அப்படியே இருக்கும், அமல்படுத்துவதை மட்டும் ஏப்ரல் 30 வரை நிறுத்திவைக்கிறோம் என்றோம். காலி செய்யாவிட்டால் மறுபடி மனு, சம்மன் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் பாருங்கள். இறுதியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவரைத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தியும் வெளியேற்ற அதிகாரிக்கு 45-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அது பின்னால் நிற்கும்போதுதான் சம்மத நிபந்தனைக்கு மரியாதை.

சாவியும் கணக்கும்

மார்ச்சில் பரீட்சை முடிந்தது. மே 5 அன்று சாவி வந்தது, ஐந்து நாள் தாமதத்தை யாரும் பெரிதாக்கவில்லை. கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் முன்னிலையில் அறை அறையாக வீடியோ எடுத்து, மின் மீட்டர் ரீடிங்கைக் குறித்து, வீட்டை ஒப்படைத்தேன், எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று கடிதம் எழுதி அவரும் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள். மின்சார பில்லும் பைப் கேஸ் பில்லும் பாக்கியாக நின்றதை அன்று கவனித்து அங்கேயே கட்ட வைத்தோம்.

பணக் கணக்கு இப்படி. சட்டப்படி வர வேண்டியது, பழைய பாக்கி 96,000, பிறகு 13 மாதத்துக்கு இரட்டிப்பாக 8,32,000, ஆக 9,28,000. விட்டுக்கொடுத்த பிறகு 5,12,000. இதில் ஏப்ரல் 2023-இல் வந்த 32,000, ஜனவரி முதல் நாலு மாதம் வந்த 1,28,000, டெபாசிட் ஒரு லட்சம், ஆக 2,60,000 கழிந்தது. மிச்சம் 2,52,000-க்கு தலா 84,000 வீதம் மூன்று காசோலை. ஜூன் காசோலை பாஸ் ஆனது. ஜூலை காசோலை திரும்பிவிட்டது.

காசோலை திரும்பினால் பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், கட்ட 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் புகார் என்று வழி இருக்கிறது. நோட்டீஸ் வரை போனது. அதன் பிறகு உரிமையாளர் போதும் என்றுவிட்டார். ஆகஸ்ட் காசோலையை அவர் பேங்கில் போடவே இல்லை. 1,68,000 போயிற்று, வக்கீல் செலவு தனி. பையனுக்கு இன்னும் இதில் வருத்தம்தான். எனக்கு உரிமையாளர் செய்தது சரி என்று படுகிறது, வீடு கையில் இருந்தால் அந்தப் பணம் ஐந்து மாத வாடகை.

அடுத்த ஒப்பந்தத்தில் மாறியவை

2024 ஆகஸ்ட் 1 முதல் வேறு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மாதம் 36,000. இந்த முறை காலம் 2026 மே 31-இல் முடிகிறது, வேண்டுமென்றே. மார்ச் 31-இல் முடியும் ஒப்பந்தம் பரீட்சையோடும் புது வகுப்போடும் மோதும், மே கடைசியில் பள்ளி விடுமுறை, வீடு மாற்ற யாருக்கும் சாக்கு இல்லை.

டெபாசிட் இரண்டு லட்சம். ஒரு லட்சம் என்பது மூன்று மாத வாடகைதான், இரட்டிப்புக் கணக்கில் ஒன்றரை மாதத்தில் கரைந்துவிடுகிறது. குடியிருப்பவரின் ஊர் முகவரி, வேலையிட முகவரி, மெயில் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, இவற்றில் எதற்கு அனுப்பினாலும் நோட்டீஸ் அனுப்பியதாகும் என்று ஒரு வரி. வீட்டில் இருக்கப்போகும் வயதுவந்தவர்கள் எல்லோருடைய பெயரும். ஒப்பந்தத்தில் லைசென்ஸியாக இல்லாத மூன்றாம் ஆள் வந்து உரிமை பேசினால் அதிகாரி கேட்கக்கூடாது என்று 24-ஆம் பிரிவிலேயே இருந்தாலும், யார் யார் என்று எழுத்தில் இருப்பது நல்லது. போலீஸில் வாடகைதாரர் விவரமும் கொடுத்தாகிவிட்டது.

காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, புதுப்பிப்பதா இல்லையா என்பதைக் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும் என்று அண்ணன் மகன் போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறார். அந்தக் கடிதத்தின் நகலை வக்கீல் முன்கூட்டியே எழுதித் தந்துவிட்டார், தேதியை மட்டும் நிரப்பினால் போதும்.